பார்த்தாலே தெரியுற இங்கிலீஷ்

எந்தப் பள்ளிக்கூடமா இருந்தாலும் இங்கிலீஷ் துறைக்கு ஒரு தலைவர் வேணும். எங்க பள்ளிக்கூடத்துல அந்த நாற்காலி காலியாச்சு. வருஷக்கணக்கா இங்கிலீஷ் நடத்துற என் சம்சாரத்துக்குத்தான் அதுன்னு பியூன் வரைக்கும் தெரியும். அங்க எலக்ட்ரீஷியனா இருக்கற எனக்கும் தெரியும்.

அன்னிக்குன்னு பார்த்து ஒரு வெள்ளைக்காரர், சைக்கிள் பஞ்சராகி, கையாலேயே ஜாடை காட்டி பம்ப் கேட்டு உள்ளே வந்தாரு. நான் தாளாளர் ரூம்ல ஏணி மேல நின்னு ஃபேன் மாட்டிக்கிட்டிருந்தேன். தாளாளர் எழுந்தே நின்னுட்டாரு.

"சார், நீங்கதான் எங்க துறைத் தலைவர்!"

அவரு கையை விரிச்சாரு. "நோ இங்கிலீஷ்." அவரு நாட்டுல வேற பாஷையாம்.

"எவ்வளவு அடக்கம் பாருப்பா," தாளாளர் என்னை அண்ணாந்து பார்த்துச் சொன்னாரு. மனுஷனுக்கு விஷயம் புரியறதுக்குள்ள ரூம் சாவியைக் கையில திணிச்சாச்சு.

சம்சாரம் நேரா போய்க் கேட்டா. "என் இங்கிலீஷ்ல என்ன சார் குறை?"

"ஒரு குறையும் இல்லம்மா. ஆனா உங்க இங்கிலீஷ் பேசினாத்தான் தெரியுது. அவருது பார்த்தாலே தெரியுது."

ஆக, கல்வித் தரத்தை உலக அளவுக்கு உயர்த்தும் பொருட்டு அவரு வகுப்புல பேசாம உட்கார்ந்திருந்தாரு. அதுக்கு 'மௌன வழிக் கற்பித்தல்'னு பேரு வச்சு ஃபீஸை ஏத்தினாங்க.

"எங்க பையன் இப்ப வீட்டுல வாயே திறக்கறதில்ல டீச்சர், அப்படியே ஃபாரின்!"ன்னு ஒரு அப்பா பூரிச்சுப் போனாரு.

வெள்ளைக்காரர் நல்ல மனுஷன். சும்மா சம்பளம் வாங்கக் கூசி, தினம் சாயங்காலம் எங்க வீட்டுக்கு வந்து சம்சாரத்துகிட்ட ஏபிசிடியிலேர்ந்து கத்துக்கிட்டாரு. நல்லா பேச வந்ததும் சம்சாரத்தையும் கூட்டிக்கிட்டு தாளாளர்கிட்ட போயி, "எனக்கு இந்த வேலை தெரியாது, இந்த டீச்சரைத் தலைவராக்குங்க"ன்னு நல்ல இங்கிலீஷ்லயே சொல்லிட்டாரு.

"அவரே சொல்லிட்டாரே! நீங்க முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

"சொன்னேனே சார்."

"நீங்க சொன்னீங்க. அது வேற."

நாற்காலி வந்துது. மறுநாளே பெத்தவங்க கூட்டம் கூடி, "எங்களுக்கு அவருதான் வேணும், இல்லன்னா டீசி கொடுங்க"ன்னு நின்னாங்க. தாளாளர் சம்சாரத்தோட காதுல, "சமாளிங்கம்மா, இல்லன்னா நாற்காலி போயிடும்"னாரு.

ஒரு அம்மா எழுந்து கேட்டாங்க. "உங்களுக்கு யாரு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தது?"

சம்சாரம் கூட்டத்தைப் பார்த்தா. நாற்காலியைப் பார்த்தா. கடைசி வரிசையில, ஊருக்குப் போறதுக்கு முன்னாடி சொல்லிட்டுப் போக வந்து உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரரைக் கை காட்டினா.

"அவருதான்."

கைத்தட்டல் கூரையைப் பிச்சுக்கிட்டுப் போச்சு. மைக் ஒயரைப் பிடிச்சுக்கிட்டு நின்ன நான் மட்டும் சும்மா இருப்பேனா?

"ஆமாங்க, தினமும் வீட்டுக்கே வந்து சொல்லிக் கொடுத்தாரு"ன்னேன்.