ஊறுகாய் ஜாடிக்குக் கம்பளிக் கையுறை

லக்ஷ்மீபுரம், மைசூர்
தாது வருஷம், ஐப்பசி மாதம், வியாழக்கிழமை

சிரஞ்சீவி திருநாராயணனுக்கு உன் அக்கா செலுவம்பா எழுதுவது. நீயும் பூமாவும் சாமராஜநகர் ஜாகையில் சௌக்கியமாக இருக்கச் நம் பெருமாள் செல்வப்பிள்ளை அருள்புரியட்டும். இங்கே நானும் சௌக்கியம் என்று எழுதுவது மரியாதை. எழுதியாயிற்று. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நீ இங்கே கொண்டுவந்து விட்ட சாமியாத்தாளை ஞாயிற்றுக்கிழமை வரும்போது கையோடு அழைத்துக்கொண்டு போய்விடு. உன் அத்திம்பேர் போனபின் நான் இந்த வீட்டில் தனியாக இருக்கக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தாய். கொள்ளேகாலத்து சிநேகிதரின் பெண், இங்கே பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயினி, துணைக்கு ஆகும் என்றாய். என் சம்மதத்தைக் கேட்டாய், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நீ கேட்கும்போதே அவளுடைய பெட்டி கூடத்துக்குள் இருந்தது.

எனக்குத் துணை தேவையில்லை. வேலைதான் தேவை. கை சும்மா இருந்தால் மனது இந்த வீட்டில் அறை அறையாகப் போய் எட்டிப் பார்க்கிறது. அதனால்தான் கான்வென்டில் எனக்குப் பாடம் சொன்ன மதர் அக்னெஸ் அனுப்பிய ஆங்கிலப் பத்திரிகையில் ‘இலையுதிர் காலத்துக்கு எளிய வீட்டு வேலைகள்’ என்று கண்டவுடனே பிடித்துக்கொண்டேன். பின்னல், தையல், பழங்களைப் பதப்படுத்துதல் என்று மூன்றும் அதில் இருந்தன. ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடு என்றும் எழுதியிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை, மூன்றையும் ஒரே நாளில் தொடங்கினேன். ஆப்பிளுக்குப் பதில் எலுமிச்சை, சீமைத் துணிக்குப் பதில் என் பழைய புடவைகள் என்று நம் தேசத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டேன். அவர்கள் ஊர் வெயிலுக்குப் பதில் நம் ஐப்பசியில் மழைதான் கிடைத்தது, அதை எதனாலும் மாற்ற முடியவில்லை.

எலுமிச்சங்காய் ஜாடிகளைக் காலையில் மொட்டை மாடியில் வெயிலுக்கு வைப்பேன். மழை தவறாமல் சாயங்காலம், பள்ளிக்கூடம் விடும் வேளைக்கு வரும். என் முழங்காலோ மாடிப்படியில் ஒரு நாளைக்கு ஒரு தரம்தான் ஏறுவேன் என்கிறது. சாமியாத்தாள்தான் ஓடிப்போய் எடுத்துவர வேண்டும். ஆனால் பள்ளிக்கூடத்துப் புடவையோடு ஊறுகாய் ஜாடியைத் தொடலாமா? குளித்துச் சுத்தமாக, மடியாக இல்லாமல் தொட்டதற்கு நீயே சின்ன வயதில் என்னிடம் அடி வாங்கியிருக்கிறாய். நான் யோசித்தேன். பருத்தியை யார் தொட்டாலும் மடி போய்விடும், கம்பளிக்குப் போகாது. இது நம் பெரியவர்கள் ஒப்புக்கொண்ட விஷயம். ஆகவே நல்ல வெள்ளைக் கம்பளி வாங்கி அவளுக்கு இரண்டு கையுறைகள் பின்னினேன். கட்டை விரலுக்கு ஒரு வீடு, மற்ற நான்கு விரலுக்கும் சேர்த்து ஒரு வீடு. கான்வென்டில் இதற்காக எனக்குப் பரிசே கொடுத்திருப்பார்கள்.

அவள் அதைப் போட்டுக்கொண்டு கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “ஏனுங்கம்மா, கரடி மாதிரி இருக்குதுங்களே” என்றாள்.

“கரடிக்கு மடி கிடையாது. உனக்கு இனிமேல் உண்டு” என்றேன்.

“சரிங்க” என்றாள். எதைச் சொன்னாலும் “சரிங்க” என்பாள், பிறகு தன் இஷ்டப்படி செய்வாள். நூல் நுனியை வாயில் வைத்து ஈரமாக்கி ஊசியில் கோக்கிறாள். கூடாதென்று தினமும் சொல்கிறேன், தினமும் “சரிங்க.” செருப்பை ஒன்று கிழக்காகவும் ஒன்று மேற்காகவும் விடுகிறாள்.

நேற்றுச் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. அவள் கையுறையை மாட்டிக்கொண்டு மாடிக்கு ஓடினாள். நான் கீழே கூடத்தில், படிக்கட்டின் அடியில், பூமாவுக்கென்று தைத்துக்கொண்டிருந்த கௌதியை விரித்து வைத்திருந்தேன். பழம்புடவைகளை அடுக்கித் தைத்தால் மார்கழிக் குளிருக்கு அதைப்போல் போர்வை கிடையாது. இரண்டு ஜாடிகள் பத்திரமாக இறங்கின. மூன்றாவது பெரிய பீங்கான் ஜாடி. கடைசிப் படியில், நனைந்த கம்பளிக்குள்ளிருந்து அது சாவதானமாக வழுக்கி, படி விளிம்பில் மோதி உடைந்து, உப்பும் மஞ்சளும் மிளகாய்ப்பொடியும் சாறுமாகக் கௌதியில் இறங்கிற்று.

“என்னடி பண்ணினாய்!”

“நானென்ன பண்றதுங்க? கம்பளிக் கையில பீங்கானைக் குடுத்தா வழுக்காம என்னங்க பண்ணும்? வெறுங்கையில எடுத்திருந்தா தப்பிச்சிருக்குமுங்க.”

“அப்போ என் பின்னலில் தப்பா?”

“பின்னலு நல்லாத்தானுங்க இருக்குது. ஜாடிக்குத்தான் புடிக்கலை.”

இந்த வயதில் எனக்கு இந்தப் பேச்சு. கௌதியை அலசினோம். சாயம் ஒன்றோடொன்று கலந்தது. கையுறை சுருங்கிப் பொம்மைக்குத்தான் ஆகும். இன்று காலை பால் கொண்டுவந்த தேவம்மா, கொடியில் தொங்குவதைப் பார்த்து, “ஏனு அம்மாவ்ரே, கௌதிகூ உப்பினகாயி ஹாகிபிட்ரா?” என்றாள். கௌதிக்கும் ஊறுகாய் போட்டுவிட்டீர்களா என்கிறாள்! சாமியாத்தாள் சிரித்தாள். தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் அப்பொழுதே, “உன்னை அழைத்துப்போகச் சொல்லி என் தம்பிக்கு எழுதப்போகிறேன்” என்று சொல்லிவிட்டுக் காகிதம் எடுத்தேன். அதற்கும் “சரிங்க.”

நான் தனியாக நிம்மதியாக இருப்பேன். நாளைக்கே புதிதாக எலுமிச்சங்காய் வாங்கப்போகிறேன். பூமாவிடம் கௌதி தாமதமாகும் என்று மட்டும் சொல், வாசனையைப் பற்றிச் சொல்லாதே. உங்கள் இருவருக்கும் சகல மங்களங்களும் உண்டாகட்டும். உன் இருமலுக்குக் கஷாயத்தைக் கண்ணை மூடிக்கொண்டாவது குடி.

இப்படிக்கு,
உன் அக்கா,
செலுவம்பா

பின்குறிப்பு: உறைக்குப் பசை எடுக்க எழுந்தேன். வாசலில் ஜட்கா நிற்கிறது. அவள் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போய் அதில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். “எங்கேடி?” என்றேன். “கூட்டாளி டீச்சர் வூட்டுக்குங்க. நீங்கதான் எழுதறீங்களே, உங்க தம்பி வர்ற வரைக்கும் நான் எதுக்குங்க உங்களுக்குத் தொந்தரவு?” என்றாள். குரலில் கோபம் துளியும் இல்லை. திரும்பி உள்ளே வந்தேன். பெட்டி இருந்த இடத்தில் தரை சதுரமாக வெளுத்திருந்தது. இனி நாள் முழுவதும் நான் யாரைத் திருத்துவது? மறுபடி வாசலுக்குப் போய், பெட்டியை இறக்கும்படி ஜட்காக்காரனுக்கு உத்தரவு போட்டேன். “கையுறை போடமாட்டேனுங்க” என்றாள். “வேண்டாம். குளித்துவிட்டு வெறுங்கையால் எடு” என்றேன். பெரியவர்களுக்கு நான் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். பெட்டி உள்ளே வந்துவிட்டது. வேறு கடிதம் எழுத நேரமில்லை, தபால் போய்விடும். ஆகவே மேலே உள்ளதையெல்லாம் படிக்காமல் இதை மட்டும் படி: ஞாயிற்றுக்கிழமை பூமாவோடு சாப்பிட வா. சாமியாத்தாளை அழைத்துப்போக வருவதாயிருந்தால் ரயிலை விட்டு இறங்காதே.