அட்மிரல் கேட்ட இரண்டு கப்பல்கள்

கனடாவிடம் கடற்படைக் கப்பல் இரவல் கேட்டு, மரியாதையான பதிலும் வாங்கிய ஒரே தமிழர் எங்கள் அட்மிரல் அண்ணைதான். எனக்கு இதில் சந்தேகமே இல்லை. கேட்ட கடிதத்தை டைப் அடித்தவளே நான்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஸ்காபரோவில் ஒரே அப்பார்ட்மெண்டில் அவர் ஆறாம் மாடி, நான் ஐந்தாம் மாடி. ஊரில் தீவுக்குப் போகும் லோஞ்சுப் படகில் பயணிகளுக்கு ரிக்கற் கிழித்தவர். இங்கே அஜின்கோர்ட் பேக்கரி ஒன்றில் தட்டுக் கழுவினார். அட்மிரல் பட்டம் நாங்கள் பகிடிக்குக் கொடுத்தது. அவர் அதைப் பதவி உயர்வாகவே எடுத்துக்கொண்டார்.

போரால் யாழ்ப்பாணத்துக்கான தரைப்பாதை மூடிக் கிடந்தது. அவருடைய மனைவி அங்கே அகப்பட்டிருந்தார். ஒரு ஞாயிறு காலை அட்மிரல் என் கதவைத் தட்டினார்.

"தங்கச்சி, பாதுகாப்பு அமைச்சருக்கு ஒரு கடிதம் அடிக்கவேணும். சனத்தை ஏத்தி வர ரெண்டு நேவிக் கப்பல் கேக்கப்போறன்."

"தருவினமே அண்ணை?"

"ஏன் தரமாட்டினம்? கனடா எங்கடை நட்பு நாடு. வைத்தியத்துக்கு ஹெல்த் காட்டே ரெண்டு கிழமையில தந்தவை."

"அதுக்கு ஏன் ரெண்டு கப்பல்?"

"ஒண்டு நடுக்கடலில நிண்டால்? லோஞ்சில நிண்டவனுக்குத்தான் உது விளங்கும்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு அடித்தேன். 'டீசல் நாங்கள் போடுவோம்' என்ற கடைசி வரி முழுக்க அவருடையது.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. கடற்படையில் அவருக்கிருக்கும் ஆர்வத்துக்கு நன்றி, கப்பல் தர வழியில்லை என்று பணிவாக ஒரு பக்கம். கூடவே கப்பல் படங்கள் போட்ட ஒரு புத்தகம். நான் கடிதத்தை வாசிக்க, அவர் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"தரமாட்டினம் எண்டால் ஏன் படம் அனுப்பினவை? எது வேணுமெண்டு கேக்கினம்."

அடுத்த கடிதத்தில் பதினோராம் பக்கத்துக் கப்பலைக் கேட்டோம்.

பிறகு லிஃப்ட் வாசலில் கொப்பியோடு நின்று பயணிகள் பட்டியல் எழுதத் தொடங்கினார். எல்லாரும் சிரித்தார்கள். ஒருநாள் மூன்றாம் மாடி அன்ரி, ஆளில்லாத நேரம் பார்த்து வந்து தகப்பனின் பெயரைக் கொடுத்தார்.

"அப்பாவுக்கு முழங்கால் நோ. கீழ்த்தட்டில இடம் பாருங்கோ."

சிரித்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கொப்பி நிரம்பிவிட்டது.

கப்பல் வரவில்லை. அட்மிரலின் மனைவி எப்படியோ கொழும்புக்கு வந்து, அங்கிருந்து விமானம் ஏறிவிட்டார். கட்டடமே மூன்று வான் வண்டிகளில் விமான நிலையம் போனது. கோட்டுப் போட்டு முன்னுக்கு நின்ற அட்மிரல், மனைவியைக் கண்டதும் பெட்டிகள் வைத்த றொலியை மட்டும் வாங்கித் தள்ளிக்கொண்டு தன்பாட்டில் நடந்தார்.

"இஞ்சாருங்கோ, நான் இஞ்சை நிக்கிறன்" என்றார் அந்த அக்கா. திரும்பி வந்தவரின் முகம் ஈரமாக இருந்தது. நாங்கள் சிரித்த சிரிப்பில் காவலாளியும் சேர்ந்து சிரித்தார்.

இரண்டு நாளில் அட்மிரல் என் வாசலில் வெள்ளைத் தாளோடு நின்றார்.

"இனியென்னத்துக்கு அண்ணை கப்பல்? அக்கா வந்திட்டாதானே."

"கொம்மா இன்னும் வரேல்லையே. இரு, டைப் பண்ணு."

யாழ்ப்பாணத்தில் இருந்த என் அம்மாவின் பெயரை நான் அவரிடம் கொடுத்திருக்கவில்லை. கொடுக்காமலே நினைவில் வைத்திருந்த மனிதர் அவர்.