வடகாயல் குஞ்சுகளின் இருப்பிடச் சான்று

முத்துச்சிப்பிக் குஞ்சுகளின் போக்குவரத்தைக் கவனிக்கும் அலுவலகம் சங்கரன்கோவிலில் இருப்பதற்கு வலுவான காரணம் உண்டு. வடகாயல்காரர்களும் தென்காயல்காரர்களும் குஞ்சுகளுக்காக அடித்துக்கொண்டபோது, கடலே இல்லாத ஊர்தான் நடுநிலையாக இருக்கும் என்று மேலிடம் முடிவு செய்தது. விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு மாடி அறை கிடைத்தது. அதிகாரியாக ஆறுமுகச்சாமி வந்தார். எழுத்தராகக் காளிராஜ் வந்தார். ஐம்பத்து மூன்று வயது. எதைச் செய்தாலும், செய்தது சரியா என்று யோசிக்கிறவர்.

முதல் மனு தென்காயல் எப்சிபாவுடையது. சிப்பி வளர்க்கும் பெண்கள் குழுவின் தலைவி.

"வடகாயல்ல சிப்பி முட்டை விட்டாச்சு சார். குஞ்சு மூணு வாரந்தான் மிதக்கும். அதுக்குள்ள எதுலயாவது ஒட்டலன்னா செத்துரும். வாடைக்காத்து தெக்க தள்ளுது, ரெண்டு காயலுக்கும் நடுவுல மணல் அடைச்சிருக்கு. வெட்டிவிட உத்தரவு தாங்க. எங்க காயல்ல சிப்பியே இல்ல."

"குஞ்சுகளோட இருப்பிடச் சான்று வேணும்," என்றார் ஆறுமுகச்சாமி.

"கண்ணுக்கே தெரியாது சார்."

"கண்ணுக்குத் தெரியாதவங்களுக்கும் சட்டம் ஒண்ணுதாம்மா. தாய் சம்மதம்?"

சிப்பிக்குக் கை இல்லாததால், கைரேகைக்குப் பதில் ஓட்டின் தடம் போதும் என்று விதி கருணையோடு தளர்த்தப்பட்டது.

"தகப்பன் பேரு?"

"அது தண்ணியில கலக்குறது சார். யாருக்குத் தெரியும்?"

"காலியா விட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்காது."

காளிராஜ் யோசித்து, 'வங்காள விரிகுடா' என்று அடித்தார். கம்ப்யூட்டர் ஏற்றுக்கொண்டு, தகப்பனின் செல்போன் எண்ணைக் கேட்டது. வேறு வழியில்லாமல் தன் எண்ணைக் கொடுத்தார்.

பத்தொன்பதாம் நாளும் கோப்பு நகரவில்லை. மாடிப்படியில் எப்சிபாவைக் காளிராஜ் நிறுத்தினார்.

"உத்தரவு வராது தாயி. மம்பட்டி இருக்கா?"

"இருக்கு அண்ணாச்சி."

"பெறகென்ன?"

மறுநாள் காலையில் பெண்கள் மணலை வெட்டினார்கள். குஞ்சுகள் எந்தச் சான்றும் இல்லாமல் தெற்கே போய்ப் பாறைகளில் ஒட்டிக்கொண்டன. திருப்பி அனுப்பச் சொல்லி ஆறுமுகச்சாமி ஆணையிட்டார்.

"ஒட்டினா அசையாது சார்," என்றார் காளிராஜ்.

இங்கே வருமுன் பத்தொன்பது வருடம் ஒரே ஊரில் ஒட்டிக்கொண்டு வேலை பார்த்தவரான ஆறுமுகச்சாமிக்கு அது சட்டென்று புரிந்தது. கோப்பை மூடிவிட்டார்.

இரண்டு வருடத்தில் தென்காயல் நிறைந்தது. அங்கே சிப்பிகள் முட்டை விட்டபோது, வடக்கே தள்ளும் கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்தது. எப்சிபா மறுபடி வந்தாள்.

"வெட்டின வழிய அடைக்கணும் சார். எங்க குஞ்செல்லாம் வடக்க போகுது."

"வடக்க இப்ப சிப்பி குறைஞ்சிட்டாமே தாயி," என்றார் காளிராஜ்.

"அதுக்கு நாங்க என்ன செய்ய அண்ணாச்சி?"

"நியாயந்தான?" என்றார் ஆறுமுகச்சாமி. "உத்தரவ அடியும் வே."

"சான்று எதுவும் கேக்கலியே சார்?"

"அடைக்கதுக்கு என்னவே சான்று?"

அலுவலகம் திறந்த நாளிலிருந்து, கேட்ட அன்றைக்கே கையில் கிடைத்த முதல் உத்தரவு அது. எப்சிபா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். ஒரு எழுத்துப்பிழைகூட இல்லாமல் அதை அடித்தவர் காளிராஜ். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமோ என்று அவருக்குத் தோன்றியது. மத்தியானம் சாப்பிட்டு, கை கழுவும்போது.