துலங்காபுரியின் கண்துணைவர்கள்

துலங்காபுரி என்றொரு நாடு. அதை ஆண்டவர் மன்னர் கதிர்வேந்தர். நல்லவர்தான், ஒரே ஒரு குறை, தன்னை யாராவது பார்க்காமல் போனால் அவருக்குச் சோறு இறங்காது. ஊருக்கு ஊர் பெரிய மின்திரை வைத்து, தம் ஆணைகளையெல்லாம் அதில் எழுதிக் காட்டினார். குடிகள் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு அவரவர் பாட்டுக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்கும் பிழைப்பு இருக்கிறதல்லவா!

"நிலையாக நிற்பதை எவனும் மதிப்பதில்லை, மன்னா. மினுக்கினால் திரும்பிப் பார்ப்பான்" என்றார் அமைச்சர் மதிவல்லார்.

அன்று முதல் திரைகள் மினுக்கத் தொடங்கின. வரி மினுக்கியது, மன்னரின் பிறந்தநாள் வாழ்த்து மினுக்கியது. வாக்கெடுப்பும் அதே திரையில்தான் என்பதால் 'ஆம்', 'இல்லை' என்ற இரண்டு கட்டங்களும் அணைந்து அணைந்து எரிந்து கண்ணைப் பறித்தன.

ஏரிக்கரையில் வாத்து மேய்க்கும் சாலம்மாவுக்கு இது எமனாக வந்து சேர்ந்தது. மினுக்குகிற வெளிச்சம் கண்ணில் பட்டால் அவளுக்கு வலிப்பு வந்துவிடும். ரேஷன் அரிசி வாங்கப் போன இடத்தில் திரை முன்னால் விழுந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, பல் உடைந்து வீடு திரும்பினாள். வேறொருத்தியாக இருந்தால் அதற்கப்புறம் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்திருக்க மாட்டாள். ஆனால் அந்த ஏரியைத் தூர்த்து மன்னருக்குக் கண்ணாடி மாளிகை கட்டப்போவதாகவும், குடிகளின் சம்மதத்தை வாக்கெடுத்து அறியப்போவதாகவும் அறிவிப்பு வந்துவிட்டது. ஏரி போனால் வாத்து இல்லை; வாத்து இல்லாவிட்டால் சாலம்மா வீட்டில் அடுப்பு எரியாது.

நேரே அமைச்சரிடம் போய் நின்றாள்.

"ஐயா, அந்த மினுக்கறத மட்டும் நிறுத்திருங்க. எழுத்து சும்மா நின்னாலே நான் பாத்துக்குவேன். வேற ஒண்ணும் கேக்கல."

"அம்மணி, குறை திரையில் இல்லை, உமது கண்ணில் இருக்கிறது. எனினும் இவ்வரசு கருணை மிக்கது" என்றார் மதிவல்லார்.

கருணை ஆணையாக வந்தது. ஒளி தாங்காதோர் அனைவருக்கும் இலவசக் கறுப்புத் துணி. திரை முன் வரும்போது கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும். கட்டிக்கொண்டால் எந்தக் கட்டம் எங்கே இருக்கிறதென்று எப்படித் தெரியும் என்று யாரோ கேட்டுத் தொலைத்தார்கள். அதற்கும் ஓர் ஆணை வந்தது. துணி கட்டியவருக்கு ஆளுக்கொரு கண்துணைவர், அரசுச் சம்பளத்தில். குடிமகன் வாயால் சொல்ல வேண்டும், துணைவர் விரலால் தொடுவார். தலைவலி போய்த் திருகுவலி வந்ததே என்று சாலம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

துணி கட்டியவர்கள் தம் திரையைப் பார்ப்பதில்லை என்று கேள்விப்பட்டதும் மன்னருக்கு மனம் நொந்துவிட்டது. மினுக்கும் வேகத்தைக் கூட்டச் சொன்னார். நோய்நொடி இல்லாதவர்களுக்கும் தலை சுற்றியது; வரிசையில் நின்றபடியே வாந்தி எடுத்தார்கள். ஒவ்வொருவராகப் போய்த் துணி வாங்க, கடைசியில் ஊரே கண்ணைக் கட்டிக்கொண்டது. ஒருவரையும் விடாமல் காத்ததற்காக அமைச்சருக்கு 'அரவணைப்புச் செம்மல்' என்று பட்டம் கொடுத்தார்கள். கொடுக்க வேண்டியதுதான், பின்னே!

முதலில், ஏரியை அளக்கலாமா என்று ஒரு வாக்கெடுப்பு நடந்தது. சாலம்மா 'இல்லை' என்று கணீரென்று சொன்னாள். அக்கம்பக்கத்தில் பலர் 'இல்லை' சொன்னதும் அவள் காதில் விழுந்தது. முடிவை அமைச்சரே வந்து அறிவித்தார்: ஒருமனதாக 'ஆம்'.

"நான் இல்லைன்னுல்ல சொன்னேன்!" என்று சாலம்மா கத்தினாள்.

"நீர் சொன்னதை நாம் மறுக்கவில்லை, அம்மணி. தொடப்பட்டது எது என்பதே வினா. நீர் பார்த்தீரா?"

"கண்ணக் கட்டிவிட்டது நீங்க. நான் எங்கேருந்து பாக்கறது?"

"அப்படியானால் பார்த்தவர் உமது துணைவர். பார்த்தவர் கூற்றுக்கு மாறாகப் பார்க்காதவர் பேசுவது சட்டப்படி வதந்தி."

துணைவர்கள் கைதட்டினார்கள். சாலம்மாவுக்கு ஆத்திரத்தில் அழுகைகூட வரவில்லை.

ஏரியைத் தூர்ப்பதற்கான வாக்கெடுப்பும் வந்தது. திரை இருந்த வாக்கெடுப்பு மண்டபத்துக்குப் போகும் வழியில் சாலம்மா, கூட வாத்து மேய்க்கும் பூவரசியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்குத் துணிய அவுத்துட்டு என் கையால தொடப் போறேன். விழுந்தா விழறேன். எந்திரிக்கலன்னா என் வாத்த நீ ஓட்டிக்க."

"அடிப்பாவி, வேணான்டி! அன்னிக்கே நீ பொழச்சது மறுபொழப்பு."

"ஏரிய விட்டுட்டுப் பொழச்சு என்னத்தடி கண்டேன்?"

அவள் முறை வந்தது. துணைவர் இன்பவாணன் அவள் கையைப் பிடித்துத் திரை முன் நிறுத்தி, "சொல்லும்மா" என்றார். சாலம்மா, நாக்கு கடிபடாமல் இருக்க முந்தானையைச் சுருட்டிப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டாள். துணியைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கண்ணைத் திறந்தாள்.

விழவில்லை. திரை மினுக்கவே இல்லை. இரண்டு கட்டங்களும் சிவனே என்று நின்றுகொண்டிருந்தன.

முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். "எப்பய்யா நிறுத்துனீங்க?"

இன்பவாணன் பதறிப்போய்க் குரலைத் தாழ்த்தினார். "ஊரு பூரா துணி கட்டுன அன்னிக்கே நிறுத்தியாச்சு. அப்புறம் பாக்கறது நாங்க மட்டும்தானே? நாள் முச்சூடும் பாத்தா எங்களுக்குக் கண்ணு வலிக்காதாம்மா? அமைச்சருகிட்ட ஒரு வார்த்தை சொன்னோம். ஒரு விசையத் தட்டுனாரு, நின்னுபோச்சு."

சாலம்மா அவர் கையைத் தள்ளிவிட்டு 'இல்லை'யைத் தொட்டாள். பிறகு மண்டபத்தைப் பார்த்துத் திரும்பினாள். கறுப்புத் துணி கட்டிய ஊர் முழுக்க அங்கே உட்கார்ந்திருந்தது.

"துணிய அவுருங்க! மினுக்கல! எப்பவோ நிறுத்திட்டாங்க! அவுத்துட்டு நீங்களே வந்து பாருங்க!"

எல்லோர் கையும் முடிச்சுக்குப் போனது, பூவரசியின் கையும்தான். அவிழ்ப்பதற்கு முன்னால், எதற்கும் இருக்கட்டும் என்று, ஒவ்வொருவரும் தத்தம் துணைவர் பக்கம் தலையைத் திருப்பிக் கேட்டார்கள்:

"அவ சொல்றது நெசமாங்க? நீங்கதானே பாக்கறீங்க, சொல்லுங்க."