அரசாங்கக் கயிறு

வெண்குடை நாட்டில் குடை அரசருக்கு மட்டும்தான் இருந்தது. மற்றவர்களுக்குக் கூரை இருந்தது. அதுவும் இல்லாதவர்கள் தானியச் சந்தைச் சுவரோரம் படுத்தார்கள். மூட்டை சுமக்கும் இருளாயியும் அங்கேதான், நிறைமாத மகள் பேச்சியோடு. மழைக்கு முன் மகளுக்கு ஒரு கூரை வேண்டும். இருளாயிக்கு வேறு அரசியல் கிடையாது.

அரசர் மனமிரங்கிக் குடியிருப்புத் தெருவில் ஒரு தங்குமனை கட்டினார். எதிர்வீட்டு அம்பலவாணர் அன்றே இடைவெளித் துறை அமைச்சரிடம் ஓடினார்.

"ஏழைங்கன்னா எனக்கு உசுரு, அமைச்சரே. அதுக்காக உசுர வாசல்லயா படுக்க வைப்பாங்க?"

அமைச்சர் யோசித்து ஆணையிட்டார்: தங்குமனையைச் சுற்றி, நிலம் அளக்கும் ஓர் அரசாங்கக் கயிறு தூரத்துக்குள் வீடே இருக்கக் கூடாது. அதுவரை கதவு திறக்காது.

"அப்ப தங்குமனையத் தூக்கிருவீங்கள்ல?"

"அடிக்கல்லை நட்டது அரசர். அசைத்தால் ராஜத்துரோகம். உங்கள் வீட்டுக்கு அடிக்கல் நட்டது யார்?"

வீடு இடிந்தது. இடிந்த கல்லைச் சுமந்ததும் இருளாயிதான். அம்பலவாணர் மெத்தையைச் சுருட்டிக்கொண்டு சந்தைச் சுவரோரம் வந்து சேர்ந்தார்.

வீடிழந்தவர்கள் பெருகவே தங்குமனையைப் பெரிதாக்கினார்கள். அதன் சுவர் முன்னே நகர்ந்தது; கயிறும் கூடவே நகர்ந்தது; அடுத்த தெரு விழுந்தது. அந்தத் தெருக்காரர்களுக்காக இன்னும் பெரிதாக்கினார்கள்.

"எப்பய்யா தெறப்பீக? புள்ள இன்னைக்கோ நாளைக்கோன்னு கெடக்கா" என்றாள் இருளாயி.

"உங்களுக்காகத்தானே அம்மா ஊரையே இடிக்கிறோம்? கொஞ்சம் நன்றி வேண்டாமா?" என்றார் அமைச்சர்.

கடைசியில் கயிறு அரண்மனை வாசலைத் தொட்டது. அமைச்சருக்கு வியர்த்தது. சட்டத்தைப் புரட்டியதும் முகம் தெளிந்தது.

"அரண்மனை வீடே அல்ல, அரசே. அலுவலகம்."

"அப்படியானால் என் வீடு எங்கே?"

"தங்களுக்கு வீடு இல்லை. நாட்டின் முதல் வீடற்றவர் தாங்கள்தான். தங்குமனையில் முதல் உரிமையும் தங்களுக்கே."

மேளதாளத்தோடு கதவு திறந்தது. அரசர் உள்ளே போனார், பரிவாரமும் போனது. 'இடம் இல்லை' என்று பலகை மாட்டினார்கள். வெளியே நின்ற ஊர் கைதட்டியது. பழக்கம்தான்.

அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. பேச்சிக்கு மேலே விரித்த கோணியின் ஒரு முனையை ஒரு கையால் பிடித்தபடியே இருளாயி பிரசவம் பார்த்தாள். மறுமுனையை அம்பலவாணர் பிடித்திருந்தார், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு. கோணிக்கடியில் குழந்தை வீறிட்டது.

அப்போது புதிதாக வீடிழந்த ஒரு குடும்பம் நனைந்தபடி வந்து, பக்கத்தில் மூட்டையை இறக்கியது.

அம்பலவாணர் கோணியை விடாமல் சொன்னார்: "இங்க பச்சப்புள்ள இருக்குல்ல? ஒரு கயிறு தள்ளிப் படுங்கப்பா."