தொடாதீங்க சார்

ஆசிரியர்களில் பல வகை உண்டு. பாடப்புத்தகத்தைத் தாலாட்டுப்போல வாசிப்பவர், கரும்பலகையோடு மட்டும் பேசுபவர் என்று எல்லாரையும் உங்களுக்குத் தெரியும். நாம் பார்க்கப்போவது வேறு ஆள். ‘பிள்ளைகள் தாங்களே செய்துபார்க்க வேண்டும், அப்போதுதான் அறிவியலில் ஆர்வம் வரும்’ என்று ஆசிரியர் அறையில் முழங்கிவிட்டு, வகுப்புக்குள் நுழைந்ததும் எல்லாவற்றையும் தானே செய்துமுடிக்கும் இளம் அறிவியல் ஆசிரியர். அடையாளம் எளிது. சட்டைப்பையில் காந்தம், விரலில் வினிகர் வாசம், வாயில் ஒரே வார்த்தை: “தொடாதீங்க.”

நம்மவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயரும் அதுதான். தொடாதீங்க சார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுச் சமையலறையில் ஒத்திகை. நான்கு எலுமிச்சம்பழங்களில் துத்தநாக ஆணியும் செம்புக் கம்பியும் செருகி, ஒன்றோடொன்று இணைத்து, ஒரு குட்டி எல்.இ.டி. விளக்கை எரியவைத்தார். விளக்கைவிட அவர் முகம்தான் அதிகம் எரிந்தது.

“வேலைக்கே போயாச்சு. இன்னும் எதுக்குடா பழத்துல ஆணி அடிக்கிற?” என்றார் அம்மா.

“பசங்களுக்கு ஆர்வம் வரணும்மா.”

“உனக்குத்தான் வந்திருக்கு.”

வராமல் என்ன செய்யும்? அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவர். அவர் படித்த பள்ளியில் ஆய்வுக்கூடம் என்பது ஒரு பூட்டிய கண்ணாடி அலமாரி. உள்ளே இருந்த முப்பட்டகத்தை வெளியே நின்று கும்பிட்டுவிட்டுப் போகலாம், அவ்வளவுதான். இப்போது சாவி அவர் கையில். ஆசை தீர விளையாடுகிறார். அதற்குக் கற்பித்தல் என்று பெயர்.

திங்கட்கிழமை காலை தலைமை ஆசிரியை கூப்பிட்டார். “உங்க செய்முறை வகுப்புல பாதிப் பிள்ளைங்க தூங்குதாமே சார்? இன்னைக்கு வந்து பாக்கறேன். அப்படித்தான்னா அந்தப் பீரியடைக் கணக்குக்குக் குடுத்துடலாம்.”

அன்றைய செய்முறை வகுப்பில், தலைமை ஆசிரியை பார்த்துக்கொண்டிருக்க, கடைசி இணைப்பைக் கொடுத்தார் நம்மவர். எரியவில்லை. கம்பியை அழுத்தினார், ஆணியைத் திருகினார், பழத்தைக் கெஞ்சாத குறை. எரியவில்லை. பின்வரிசையில் யாரோ கொட்டாவி விட்டார்கள். தலைமை ஆசிரியை கடிகாரத்தைப் பார்த்தார்.

முன்வரிசைக் கண்ணாடிக்காரி எழுந்தாள். “சார், அந்த விளக்கோட ரெண்டு காலையும் மாத்திப் போட்டுப் பாக்கட்டுமா?”

“தொடா...” மீதியை விழுங்கிவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அவள் மாற்றினாள். மினுக்கென்று எரிந்தது. தூங்கிக்கொண்டிருந்த பெஞ்சுகள் எல்லாம் மேசையைச் சுற்றி மொய்த்தன.

“ஒரு பழத்த எடுத்தா எரியுமா?”

“எடுத்துப் பாரேன்.”

“டேய், நசுக்காத.”

“கொஞ்சம் தள்ளுங்க, நான் ஒண்ணு செருகறேன்” என்று உள்ளே கை நீட்டினார் தலைமை ஆசிரியை. போகும்போது, “பீரியட் இருக்கட்டும் சார்” என்றார்.

நம்மவர் திருந்திவிட்டார். அடுத்த வகுப்பில் பெஞ்சுக்குப் பெஞ்சு பழம் கொடுத்தார். “நீங்களே செய்ங்க” என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒருவன் ஆணியைக் கோணலாகச் செருகினான். “குடு, இப்படி...” அடுத்த பெஞ்சில் கம்பி நழுவியது. “குடு, குடு...” கொஞ்ச நேரத்தில் வகுப்பின் பழங்கள் எல்லாம் அவர் மேசையில்.

கண்ணாடிக்காரி கேட்டாள்: “சார், இப்ப நாங்க கையப் பின்னால கட்டிக்கணுமா?”

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன வாரம் உங்கள் மகள் முதன்முதலாகத் திருப்புளியைக் கையில் எடுத்தபோது, “குடு, நான் பண்றேன்” என்று நீண்ட கை யாருடையது?