பொது மைதானம் வேண்டும், மாப்பிள்ளை

டன்லீவி, டெக்சாஸ்
ஞாயிறு, சர்ச் முடிந்த கையோடு

மரியாதைக்குரிய மாப்பிள்ளை வெண்டல் ஸ்டோக்ஸ் அவர்களுக்கு, மச்சான் ஹார்லன் ப்ரூயிட் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் நான், டீன்னா, மகன் கோல்பி மூவரும் சுகம். தாங்களும் என் தங்கை லொரீனும் அவ்வாறே சுகமாயிருக்க வேண்டுகிறேன். போனில் பேசினால் போன தடவை மாதிரி முடியும் என்று டீன்னா தடுப்பதால் கடிதம் எழுதுகிறேன். நாளை அவள் வேலைக்குப் போகும் வழியில் உங்கள் வீட்டுப் பெட்டியில் போட்டுவிடுவாள்.

உங்கள் ஹார்வில் பள்ளி ஃபுட்பால் அணி பிளேஆஃபில் முதல் சுற்றைத் தாண்டியதற்கு வாழ்த்துகள். எங்கள் அணியும் தாண்டிவிட்டது. வரும் வெள்ளிக்கிழமை இரண்டும் மோதுகின்றன. எந்த ஊரில் என்பதுதான் வம்பு. எங்கள் கோச் பிரம்லி இரண்டு ஊருக்கும் சொந்தமில்லாத பொது மைதானம் கேட்டார், உங்கள் கோச் மாட்டேனென்றார், ஒத்துவராவிட்டால் காசு சுண்டித்தானே ஆகவேண்டும், நேற்றுக் காலை நடுவழி பான்கேக் கடை வாசலில் சுண்டினார்கள். (நான் ஏன் அங்கிருந்தேன் என்று கேட்காதீர்கள். பான்கேக் சாப்பிடப் போயிருந்தேன்.) உங்கள் கோச் தலை கேட்டார். காசு பிரம்லியின் பூட்ஸில் பட்டு உருண்டு ஒரு பிக்கப் வண்டிக்கு அடியில் போய்விட்டது. இரண்டு கோச்சுகளும் வயிற்றால் ஊர்ந்து உள்ளே போனார்கள். வெளியே பூட்ஸுகள் மட்டும் தெரிந்தன.

“தலை! நான் பாத்துட்டேன், தலைதான்!” என்று உங்கள் ஆள் உள்ளேயிருந்து கத்தினார்.

“அவரு பாத்தா ஆச்சா? மறுபடி சுண்டுங்க!” என்று நான் கத்தினேன்.

அதற்குள் கடையில் காபி ஊற்றும் பெண் டார்ச்சோடு வந்து குனிந்து பார்த்து, “தலைதாண்ணே. எழுந்து வாங்க எல்லாரும், வண்டிக்காரரு கிளம்பணுமாம்” என்று சொல்லிவிட்டாள். ஆட்டம் உங்கள் ஊருக்குப் போய்விட்டது.

எனக்குப் பொறாமை என்று லொரீன் சொல்லித் திரிகிறாளாம். ஆமாம், பொறாமைதான், வயிறு எரிகிறது! நீங்களும் ஊர் மைதானத்தில் அறிவிப்பாளர், நானும் அறிவிப்பாளர். உங்களுக்குக் கண்ணாடி அறை, ஹீட்டர், சுழல் நாற்காலி, போதாததற்குப் பெரிய திரையில் ‘ஹார்வில்லின் குரல்’ என்று உங்கள் மூஞ்சி. எனக்குக் குளவி கூடு கட்டிய பலகைக் கூண்டு. மைக்கைத் தட்டினால்தான் பேசும். சரக்கு ரயில் வந்தால் அது போகும்வரை நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாதது ஒன்றுதான். கோல்பிக்கு இது பள்ளியில் கடைசி வருஷம். தோற்றால் அவன் ஆட்டம் அன்றோடு முடிந்தது. எங்கள் மைதானத்தில் அவன் பந்தோடு ஓடிய ஒவ்வொரு முறையும் “கோ...ல்பி ப்ரூயிட்!” என்று மூச்சு முட்ட இழுத்துச் சொன்னவன் நான். உள்ளூர் அறிவிப்பாளர் வெளியூர்ப் பையன் பெயரை எப்படிச் சொல்வார் என்று நமக்குத் தெரியாதா? யாரோ தொலைத்த கார் சாவியைப் பற்றி அறிவிக்கிற மாதிரி சொல்வார். (போன வருஷம் உங்கள் பையன்கள் கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டதை நான் அப்படிச் சொன்னது மைக் கோளாறு.) அந்தக் கடைசி நாளில் என் பிள்ளை பெயர் உங்கள் வாயிலா வரவேண்டும்?

“யாரு சொன்னா என்னங்க, அதே பேருதானே?” என்கிறாள் டீன்னா.

“அவன் வாயில அது அதே பேரு இல்ல!” என்றேன்.

“அப்பா, ஹெல்மெட்ட மாட்டிட்டா எனக்கு ஒண்ணுமே கேக்காதுப்பா” என்றான் கோல்பி. நாலு வருஷமாக இதை என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கிறான்!

ஆகவே மாப்பிள்ளை, பொது மைதானம்தான் நியாயம். மூன்றாவது ஊரான கெல்சோவில் ஆடட்டும். அங்கே எவனோ ஒருத்தன் இரண்டு ஊர்ப் பிள்ளைகளின் பெயரையும் ஒரேமாதிரி கெடுக்கட்டும். உங்கள் மைதானத்தில் எங்கள் ஜனம் பாதிப்பேர் உட்காரவே இடமில்லை என்று உங்கள் கோச்சிடம் சொல்லச் சொல்லி நேற்றிலிருந்து பிரம்லியைக் குடைந்துகொண்டிருக்கிறேன். நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சொந்த மைதானத்தில் ஜெயிப்பது ஒரு ஜெயமா?

லொரீனுக்கு என் அன்பு. உங்கள் பிரஷரை நன்றாகப் பார்த்துக்கொள்ளவும். கத்திப் பேசுவது உடம்புக்கு ஆகாது.

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடும் மச்சான்,
ஹார்லன்

பின்குறிப்பு: உறையை ஒட்ட நாக்கில் வைத்தபோது லொரீன் போன் செய்தாள். காசு சுண்டிய மறுநிமிஷமே நீங்கள் பள்ளிக்கூடத்தில் பேசி, உங்கள் அறையில் எனக்கு இன்னொரு மைக்கும், உங்களுடையதைப் போலவே ஒரு சுழல் நாற்காலியும் போட்டுவிட்டீர்களாமே! “கோல்பி பேர அவங்கப்பாதான் சொல்லணும்”னு சொன்னீர்களாமே. அவளிடம் பேசி முடித்து மூக்கைத் துடைப்பதற்குள் பிரம்லி கூப்பிட்டார். “ஹார்லன், ஜெயிச்சிட்டோம்யா! உன் தொல்லை தாங்காம ஹார்வில் கோச்கிட்ட பேசினேன். கெல்சோவுக்கு ஒத்துக்கிட்டாரு!” கெல்சோ அறிவிப்பு அறைக்குள் வெளியூர்க்காரன் யாரையும் விடமாட்டார்களாம். மாப்பிள்ளை, மேலே உள்ளதையெல்லாம் கிழித்துப் போடுங்கள். உடனே உங்கள் கோச்சிடம் போய்ச் சொல்லுங்கள். தலை விழுந்ததற்கு நான் சாட்சி. மைதானம் உங்களுடையது, விட்டுக்கொடுக்காதீர்கள். அந்த நாற்காலியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம்.